"உன் வயசுதான் அவனுக்கும்!"

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஐபிஎல்லில் வைபவ் சூர்யவன்ஷி சதம் அடித்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சுவரில் அவர் படம், போனில் அவர் வீடியோ. வலது கையால் ஆடிக்கொண்டிருந்தவன் இப்போது அவரைப் போலவே இடது கையால் ஆடுகிறான். கெட்ட சகவாசம் இல்லாமல் ஒரு நல்ல பையனை முன்மாதிரியாக வைத்திருக்கிறானே என்று முதலில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மார்க் வாங்கி வந்தான். கேட்டதற்கு, "அவன் 14 வயசுல கோடீஸ்வரன் ஆயிட்டான். எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு. கணக்கு படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று அழுகிறான். என் கணவரோ, "உன் வயசுதான் அவனுக்கும். அவன் என்ன சாதிச்சிருக்கான் பாரு, நீ என்னத்தைக் கிழிச்சே?" என்று திட்டுகிறார். கிரிக்கெட்டே வேண்டாம், குகேஷைப் பார்த்து செஸ் கற்றுக்கொள் என்கிறார் என் கொழுந்தன். 11 வயது மகளுக்கு ஆள் வேறு. இன்ஸ்டாகிராமில் மேக்கப் வீடியோ போடும் 16 வயதுப் பெண் ஒருத்தி. அவள் காட்டும் சீரம், க்ரீம் எல்லாம் வேண்டுமாம். அது சின்ன விஷயம், விடுங்கள். மகனுக்கு நான் யாரைக் காட்டுவது? இந்த வயது நட்சத்திரங்களைப் பிள்ளைகள் முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

கடைசியில் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரசிக்கட்டும், தாராளமாக ரசிக்கட்டும். முன்மாதிரி என்று தூக்கி வைக்க வேண்டாம். பிள்ளைகள் வைத்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை, பெரியவர்கள் கையில் எடுத்துக் காட்ட வேண்டாம்.

உங்களுக்கு அந்த 31 மார்க் கவலை. எனக்கு உறுத்துவது அழுதுகொண்டே அவன் சொன்ன வரிதான்: "எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு." கடைசி பஸ் கிளம்பப்போகிறது என்று ஓடுகிறவரைப் போல ஒரு 13 வயதுப் பையன் பேசுகிறான். நீங்கள் படிப்பில் அலட்சியம் என்று நினைப்பதை நான் பதற்றம் என்று படிக்கிறேன். இந்தப் பதற்றம் கிரிக்கெட்டால் வந்ததில்லை. நட்சத்திரத்தின் வயதால் வந்தது.

யோசித்துப் பாருங்கள். தோனி இந்திய அணிக்கு முதலில் ஆடியபோது அவருக்கு 23 வயது. அவரை ரசிக்கும் 13 வயதுப் பையனுக்குக் கையில் பத்து வருடம் இருக்கிறது. நடுவில் கணக்குப் பரீட்சை, பத்தாம் வகுப்பு, ஒரு சைக்கிள், ரெண்டு மூன்று சண்டை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ரசிக்கப்படுகிறவருக்கே 14 வயதுதான் என்றால், அடுத்த பிறந்தநாளே கெடுவாகிவிடுகிறது. அந்த நாள் வரும், போகும், கோடி ரூபாய் வராது. அப்போது அவன் வைபவைக் குறை சொல்ல மாட்டான். தன்னைத்தான் குறை சொல்வான்.

இதை ஒட்டி 1997-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. பெனலோப் லாக்வுட், ஸிவா குண்டா என்ற இரு உளவியலாளர்கள், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கும் மாணவர்களிடம், அதே படிப்பில் நான்காம் ஆண்டில் பிரமாதமாகச் சாதித்த ஒரு மாணவரைப் பற்றிய செய்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு உற்சாகம் பொங்கியது. தங்களைப் பற்றிய மதிப்பே உயர்ந்தது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை. காரணம் எளிது. முதலாண்டுக்காரருக்கு இன்னும் காலம் இருக்கிறது, நான்காம் ஆண்டுக்காரருக்கு இல்லை. செய்தி ஒன்றுதான். எட்ட முடியும் என்று நினைத்தவருக்கு அது ஊக்கம் கொடுத்தது, இனி முடியாது என்று நினைத்தவருக்குக் கொடுக்கவில்லை. உங்கள் கணவர் "உன் வயசுதான்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்கள் மகனை இந்த இரண்டாவது கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஊக்கப்படுத்துவதாகத்தான் அவர் நினைக்கிறார். நம் வீடுகளில் அப்பாக்கள் அன்பைக் காட்டும் வழிகளில் இதுவும் ஒன்று, என்ன செய்வது.

"சச்சின் 16 வயசுல ஆடலையா?" என்று அவர் கேட்பார். ஆடினார், 1989 நவம்பரில், கராச்சியில். அவருடைய பெயர் மட்டும் நமக்கு நினைவிருக்கிறது. சிறுவயதில் பேர் வாங்கிப் பிறகு காணாமல் போனவர்களை வைத்து யாரும் பிள்ளைகளைத் திட்டுவதில்லை.

கெடுவைத் தள்ளிப்போட உங்கள் மகனுக்கு வேறு வயதுகளையும் காட்டுங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணிக்கு ஆடத் தொடங்கியபோது அவருக்கு 29 வயது. வருண் சக்ரவர்த்தி கட்டடக் கலை படித்து, அந்த வேலையும் பார்த்து, டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்து, அப்புறம்தான் மறுபடி முழுநேரமாக கிரிக்கெட்டுக்கு வந்தார். இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டியை 33 வயதில் ஆடினார், 2025 பிப்ரவரியில். இவர்களை முன்மாதிரியாக வைக்கச் சொல்லவில்லை. 14 என்பது கடைசி எண் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தால் போதும்.

சரி, வைபவிடம் வருவோம். உங்கள் மகன் பார்த்தது 2025 ஏப்ரல் 28 இரவு. குஜராத் அணிக்கு எதிராக 35 பந்தில் சதம், 11 சிக்ஸர், வயது 14 வருடம் 32 நாள். போனில் திரும்பத் திரும்ப வருவதும் அதுதான். அதற்கு முன்னும் பின்னும் நடந்தது ரீல்ஸில் அவ்வளவாக வராது. ஒன்பது நாள் முன்னதாக, ஏப்ரல் 19-இல், அவருடைய முதல் போட்டி. சந்தித்த முதல் பந்தையே சிக்ஸருக்கு அனுப்பினார். 34 ரன்னில் ஆட்டமிழந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார். சதம் அடித்த மூன்றாம் நாள், அதே ஜெய்ப்பூர் மைதானத்தில், மும்பைக்கு எதிராக இரண்டு பந்து ஆடி டக் அவுட்.

இந்த மூன்று ஆட்டத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து வரிசையாகப் பாருங்கள். உபதேசம் எதுவும் வேண்டாம். "அந்த டக்குக்கு அப்புறம் ரூமுக்குப் போய் என்ன நினைச்சிருப்பான்?" என்று மட்டும் கேளுங்கள். அவனே பேசுவான். நியூயார்க்கில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 400 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே மூவரும் பட்ட கஷ்டங்களையும் தோல்விகளையும் படித்த பிள்ளைகளின் அறிவியல் மதிப்பெண் கூடியது. சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பெரிய ஆளின் டக் அவுட்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பிள்ளைக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது கிடைக்கிறது.

இங்கே பெற்றோரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வைபவின் அப்பா பீகாரில் இருந்த விவசாய நிலத்தை விற்று மகனைப் பயிற்சிக்கு அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்குவார் என்று அந்தப் பையனே சதத்துக்குப் பிறகு சொன்னார். கேட்க நெகிழ்ச்சியாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரப் பிள்ளைகளைப் பார்த்துப் பிள்ளைகள் காப்பியடிப்பதைவிட, அவர்களுடைய பெற்றோரைப் பார்த்து நம் பெற்றோர் காப்பியடிப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நிலத்தை விற்றும் பிள்ளை ஜெயிக்காத வீட்டுக்கு டிவிக்காரர்கள் போவதில்லை. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் எழவில்லை என்று நினைக்கிறேன். எழுந்தால், தயவுசெய்து நீங்கள் குறுக்கே நில்லுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் பிள்ளைக்கு முன்மாதிரியாக இரு என்று நாம் கேட்பது இன்னொரு பிள்ளையிடம். சர்வதேசப் போட்டிகளில் ஆட 15 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) 2020-இல் விதி வைத்தது. விளையாட்டு உலகம் இப்படி விதி போடுவது சும்மா இல்லை. அமெரிக்க டென்னிஸில் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-இல் 13 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 14 வயதில் பிரெஞ்சு ஓபன் அரையிறுதி, 16-இல் ஒலிம்பிக் தங்கம். 18 வயதில் போதைப்பொருள் வழக்கில் கைதானார். 1995-இல் மகளிர் டென்னிஸ் சங்கம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எத்தனை போட்டி ஆடலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கு அவருடைய கதையும் ஒரு காரணம். பிறகு அவர் மீண்டு வந்து 2001-இல் ஆஸ்திரேலிய ஓபனை ஜெயித்தார். 1990-இல் அவரைச் சுவரில் ஒட்டிய பெண் பிள்ளைகள், 1994-இல் அந்தப் படத்தை என்ன செய்திருப்பார்கள்?

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 2013-இல் மும்பை பள்ளிக் கிரிக்கெட்டில் 546 ரன் அடித்து பிரித்வி ஷா ஒரே நாளில் நாடறிந்தவரானார். அப்போது அவருக்கும் 14 வயது. 18 வயதில் முதல் டெஸ்டிலேயே சதம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் வைபவை ராஜஸ்தான் அணி 1.10 கோடிக்கு எடுத்தது. அதே ஏலத்தில், 75 லட்சம் அடிப்படை விலையில் இருந்த ஷாவை ஒருவரும் எடுக்கவில்லை. அவரைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. 25 வயதில் ஓர் ஆட்டக்காரருக்கு எல்லாம் முடிந்தும் போய்விடாது. 14 வயதில் ஒருவரைப் பார்த்து, இவரைப் போல வாழ் என்று இன்னொருவருக்குச் சொல்ல நம்மிடம் போதுமான தகவல் இல்லை. அவ்வளவுதான். அவருடைய வாழ்க்கை இன்னும் நடக்கவே இல்லையே.

கொழுந்தன் சொல்லும் குகேஷுக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு செஸ் என்றாலே ஒரு நிம்மதி. அமைதியான ஆட்டம், அடக்கமான பையன், மூளைக்கு வேலை. ஆனால் குகேஷை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் தெரியுமா? நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர் அவர். அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே ஒதுக்கி வைத்தார். அம்மா நுண்ணுயிரியல் நிபுணர். அவருடைய சம்பளத்தில் குடும்பம் ஓடியது, நண்பர்களும் பண உதவி செய்தார்கள். எல்லாம் கூடிவந்து 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். கணக்கில் 31 வாங்கியதற்கு மருந்தாக, பள்ளிக்கூடத்தை விட்டவரைக் காட்டுகிறோம் என்று உங்கள் கொழுந்தனுக்குத் தெரிந்திருக்காது.

குகேஷிடமிருந்து எடுத்துக்கொள்ள நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அவர், சரியான நகர்வைச் சொல்லிவிடும் கம்ப்யூட்டர் எஞ்சினை வைத்துப் பயிற்சி செய்யவில்லை. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் யோசனை அது. விடையைப் பார்க்காமல் தன் மண்டையில் கணக்குப் போட்டுப் பழகினார். இதை எந்தப் பையனும் எட்டாம் வகுப்புக் கணக்கில் செய்து பார்க்கலாம், செஸ் போர்டே தேவையில்லை. நட்சத்திரங்களிடமிருந்து இப்படி ஒரு பழக்கத்தை எடுக்கலாம். வாழ்க்கையை எடுக்க முடியாது.

அப்படியென்றால் யாரைக் காட்டுவது? இரண்டு மூன்று படி மேலே நிற்கிற ஒருவரை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறவரை. சென்னை பாடியில் ஒரு வீட்டில், டிவி முன்னாலேயே கிடக்கிறாள் என்று மகளை செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்து நாலு வயது இளைய தம்பியும் ஆட ஆரம்பித்தான். அக்கா வைஷாலி, தம்பி பிரக்ஞானந்தா. உலகிலேயே இருவரும் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்கும் முதல் அக்கா தம்பி இவர்கள்தான். பிரக்ஞானந்தாவுக்கு முதல் முன்மாதிரி உலக சாம்பியன் யாரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து காயை நகர்த்திய அக்கா.

உங்கள் மகன் ஆடும் மைதானத்திலும் அப்படி ஒரு அண்ணன் இருப்பான். பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டே மாவட்ட அணித் தேர்வுக்குப் போய் வருகிறவன், ஒருமுறை தேர்வாகாமல் அடுத்த வருடம் தேர்வானவன். பயிற்சியாளரிடம் கேட்டால் அடையாளம் காட்டுவார். அந்த அண்ணனை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறான், ஆட்டம் இல்லாத நாளில் என்ன செய்கிறான், பரீட்சை சமயத்தில் எப்படிச் சமாளிக்கிறான் என்று உங்கள் மகனே கேட்டுக்கொள்ளட்டும். வைபவின் படம் சுவரில் இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் கிழித்தால் உங்கள் மேல் கோபம் வரும், வேறொன்றும் நடக்காது.

இடது கை ஆட்டத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். சவுரவ் கங்குலி வலது கைக்காரர். அண்ணன் சினேகாஷிஷின் இடது கைச் சாமான்களை வைத்து ஆடிப் பழகியதால் இடது கை ஆட்டக்காரர் ஆனார் என்பார்கள். (பாருங்கள், இங்கேயும் ஒரு அண்ணன்.) பிடிக்கிறதா, பந்து படுகிறதா என்பதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.

கணக்கை கிரிக்கெட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். மார்க் வராவிட்டால் பேட்டைப் பிடுங்குவேன் என்றால் இரண்டும் கெடும். எட்டாம் வகுப்பில் கணக்கு சறுக்கும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஓட்டை ஆறாம் வகுப்புப் பின்னங்களில் இருக்கும். ஆசிரியரிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணவரிடம் பேசும்போது அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். அவர் செய்வது தப்பு என்று ஆரம்பித்தால் கேட்க மாட்டார். "ஒரு வருஷம்தான் இருக்குன்னு அழுதான்" என்பதை மட்டும் சொல்லுங்கள். அந்த வரி அவருக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது மகள். நீங்கள் "சின்ன விஷயம், விடுங்கள்" என்றீர்கள். எனக்கு மகனைவிட மகள் விஷயத்தில்தான் அவசரம். வைபவ் உங்கள் மகனோடு பேசுவதில்லை, எதையும் வாங்கச் சொல்வதுமில்லை (ஐபிஎல் சொல்லும், அது வேறு கதை). அந்த 16 வயதுப் பெண் உங்கள் மகளின் முகத்தைப் பார்த்து "ஹாய் செல்லம்ஸ்" என்று பேசுகிறாள். ஒருபக்கமாக மட்டும் வளரும் இந்த நெருக்கத்தை ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956-லேயே டிவி, ரேடியோவை வைத்து எழுதிவிட்டார்கள். கைக்குள் இருக்கும் போனில் அது பல மடங்கு. தோழி சொல்கிறாள் என்று உங்கள் மகள் நம்புகிறாள். அங்கே ஒரு கம்பெனி பேசிக்கொண்டிருக்கலாம். காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு போடும் வீடியோ என்றால் அதை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-லேயே சொல்லிவிட்டது. அந்தக் குறிப்பை எங்கே தேடுவது என்று அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். கண்டுபிடிப்பதையே ஒரு விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள், இந்த வயதுக்கு அது பிடிக்கும்.

அந்த சீரத்தில் ரெட்டினால், ஆசிட் வகைகள் இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். சுருக்கம் போக்கவும் தோல் உரிக்கவும் பெரியவர்களுக்காகச் செய்தவை அவை. 11 வயதுத் தோல் எரிந்து சிவந்துவிடும். வாங்காதீர்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கு வைக்கக் குறைந்தபட்ச வயதே 13. அவள் பெயரில் கணக்கு இருந்தால் வயதை மாற்றித்தான் போட்டிருப்பாள். திட்டாமல் மூடிவிட்டு, பார்க்க வேண்டியதை உங்கள் போனில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணை மோசமானவள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைதான். அவள் வீடியோவை எடிட் செய்வது யார், காசு யார் கணக்கில் போகிறது என்று நமக்குத் தெரியாது.

மகனை இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். தூக்கம் கெடுகிறதா, சாப்பாடு குறைகிறதா, பள்ளிக்குப் போக மறுக்கிறானா, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று அடிக்கடி சொல்கிறானா, கிரிக்கெட்டையே திடீரென்று விட்டுவிடுகிறானா. கடைசியில் சொன்னதைப் பார்த்து "அப்பாடா, திருந்திவிட்டான்" என்று நினைத்துவிடாதீர்கள். இவற்றில் எதுவும் தொடர்ந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதற்கு முன் போனில் பேச நினைத்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நீங்களும் பேசலாம், உங்கள் கணவரும் பேசலாம்.